கோட்டுக்கு முன்னால் ஒரு தள்ளு: ஜூலை நாட்குறிப்பு

2025 ஜூலை 5, சனி

எட்டு மணிக்கே கடையைச் சாத்திவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்குச் சனிக்கிழமை ராத்திரி வருகிறவர்கள் பாஸ்போர்ட் போட்டோ கேட்பார்கள், சில்லறை இருக்காது, அவ்வளவுதான். பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டியூப் டப்பா மேல் என் டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தார். பிரான்ஸில் நாளுக்கொரு ஸ்டேஜாக மூன்று வாரம் ஓடும் சைக்கிள் பந்தயம் டூர் டி பிரான்ஸ், இன்றைக்கு லீல் நகரத்தில் ஆரம்பம். அங்கே சாயங்காலம் ஐந்து மணி என்றால் தண்டையார்பேட்டையில் எட்டரை. வேலை முடிந்து உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே வைத்த நேரம்.

வழக்கமான கூட்டம்தான். அண்ணன், நான், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் என் மச்சான், கேரம் ஆடும் தம்பி. தம்பிக்குப் பத்தொன்பது வயது. அண்ணனை நைனா என்று கூப்பிடுவான், ஆனால் அவர் சொல்வதை எதையும் ஒத்துக்கொள்ள மாட்டான். நாலு பேருக்கும் ஸ்பிரிண்ட்தான், கடைசியில் கூட்டமாகக் கோட்டை நோக்கிப் பாய்வார்களே, அதுதான் பிடிக்கும். மலையில் நாலு மணி நேரம் மூச்சிரைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. மலை என்றால் பறங்கிமலைதான் நான் ஏறியது.

கடைசி 17 கிலோமீட்டர் போல இருக்கும்போது பக்கவாட்டுக் காற்றில் சைக்கிள் கூட்டம் இரண்டாக அறுந்தது. மொத்தப் பந்தயத்தையும் ஜெயிக்க வந்த ரெம்கோ எவனபூலும் ரோக்லிச்சும் பின்னால் மாட்டி 39 நொடி இழந்தார்கள். காற்று நேராக வந்தால் முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒளியலாம். பக்கத்திலிருந்து அடித்தால் சாய்வாக, படிக்கட்டு மாதிரி, ஒருவனுக்குப் பக்கத்தில் ஒருவன் நிற்க வேண்டும். சாலையின் அகலம் எங்கே முடிகிறதோ அதற்கப்புறம் வருகிறவனுக்கு மறைவு இல்லை. அங்கேதான் அறுபடும்.

மச்சானுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. "எண்ணூர் ரோட்ல காலி கண்டெய்னரை ஏத்திக்கினு வா, பக்கக் காத்து இன்னான்னு தெரியும்" என்றார்.

யாஸ்பர் பிலிப்சன் ஜெயித்தார். கிர்மாய் இரண்டாவது. மொத்த நேரத்தில் முதலில் இருப்பவருக்குத்தான் மஞ்சள் ஜெர்ஸி, பிலிப்சனுக்கு வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. அவர் அணி ஆள் ஆளாய் முன்னால் நின்று இழுத்துவந்து முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் விட்டது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வைக்கிற மாதிரி.

ஜூலை 7, திங்கள்

இன்றைக்குத்தான் சண்டை.

வலென்சியனிலிருந்து டன்கிர்க் வரை 178 கிலோமீட்டர். பாதிக்கு மேல் யாரும் ஓடவே இல்லை, பேசிக்கொண்டே ஊர்வலம் போனார்கள். நடுவில் புள்ளிக்கான ஸ்பிரிண்டில் பிலிப்சன் விழுந்தார். பக்கத்தில் இரண்டு பேர் இடித்துக்கொண்டதில் ஒருவர் சாய்ந்து இவர் மேல் வந்தார். புள்ளியில் முன்னால் இருப்பவருக்கான பச்சை ஜெர்ஸி அவர் முதுகில் கிழிந்து தொங்கியது. கழுத்தெலும்பு போய்விட்டது, பந்தயமும் போய்விட்டது. சனிக்கிழமை மஞ்சள், திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. அண்ணன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வேணாம்பா, திருப்பித் திருப்பிக் காட்டாதீங்க" என்று டேப்லெட்டைப் பார்த்துச் சொன்னார்.

கடைசி 200 மீட்டர். யோனத்தான் மிலான், ஆறடி நாலங்குலம், தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு மிதிக்கிற இத்தாலிக்காரர். பக்கத்தில் பெல்ஜியத்து டிம் மெர்லியர். இருவரும் ஒன்றாகக் கோட்டில். இருவரும் சைக்கிளை முன்னால் தள்ளினார்கள். யாருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கே தெரியவில்லை. அப்புறம் போட்டோ வந்தது. மெர்லியர்.

நான் மிலான் கட்சி. பலம் அவரிடம்தான் அதிகம், இன்னும் பத்து மீட்டர் ரோடு இருந்தால் ஜெயித்திருப்பார் என்றேன்.

"பத்து மீட்டர் ரோடு இருந்தா நானும் ஜெயிப்பேன்" என்றார் அண்ணன். "கோடு அங்கதானே கீது? தள்ளுறதுக்குன்னு ஒரு நேரம் கீது. அவன் அரை மிதி முன்னாடியே தள்ளிட்டான்."

தள்ளுவது என்றால் என்ன என்று அவர் ஒரு பழைய சைக்கிளில் ஏறி ஸ்டாண்டு போட்டபடி காட்டினார். இரண்டு கையையும் நீட்டி ஹேண்டில்பாரை முன்னால் அனுப்பினார். இடுப்பு சீட்டைத் தாண்டிப் பின்னால், கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கு மேல் போனது. வயிறு சீட்டில் இடித்தது. ஆள் வேகம் கூடவில்லை, ஆள் பின்னால் போவதால் சைக்கிள் மட்டும் முன்னால் போகிறது. பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆள் எடையோ அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். அதனால் உடம்பு கொஞ்சம் பின்வாங்கினால் போதும், சக்கரம் நல்ல தூரம் முன்னால் போகும். ஆனால் தள்ளும்போது மிதிக்க முடியாது. சீக்கிரம் தள்ளினால் கை மடங்கித் திரும்பி வரும்போதுதான் கோடு வரும். லேட்டாகத் தள்ளினால் சொல்லவே வேண்டாம்.

தம்பி உடனே கேரத்துக்குப் போனான். "ரெட்டைப் போட்டுட்டு பாலோ போடாதவன் மாதிரி" என்றான். அது எப்படிப் பொருந்தும் என்று நான் கேட்க, அவன் மிலான் சான் ரெமோ என்கிற இத்தாலிப் பந்தயத்தின் 2004 கதையை எடுத்தான். எரிக் ஸாபெல் ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு கையையும் தூக்கினார், ஆஸ்கர் பிரெய்ரே பக்கத்தில் குனிந்து சைக்கிளைத் தள்ளிக் கோப்பையைக் கொண்டுபோனார். சரி, பொருந்துகிறது.

பதினொரு மணிக்கு வீட்டுக்காரி போன் செய்யும்வரை பேசிக்கொண்டிருந்தோம். 2017 டூரில் இதே ஜூலை 7ஆம் தேதிதான் மார்செல் கிட்டல் போசன் ஹாகனை 6 மில்லிமீட்டரில் ஜெயித்தார். நூறு பக்க நோட்டு ஒன்றின் தடிமன்தான் இருக்கும். அதை யார், எப்படிப் பார்த்தார்கள் என்று மச்சான் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரிந்தது, ஆனால் புரிகிற மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் ஒரு பாட்டி ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தார். கண்ணாடியில் வைத்து மூடுவதற்குள் கார்டை நேராக்குகிறேன் என்று கையை விட்டு இழுத்தார். லைட் ஓடிக்கொண்டிருந்தது. வந்த பேப்பரில் பாட்டி முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாகிவிட்டது. "இது நானா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மத்தியானம் மச்சான் சாப்பிட வந்தபோது பிடித்து உட்கார வைத்தேன். ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தை ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. ஒரு மெல்லிய கோட்டை மட்டும் பார்க்கிறது, கோடு கோடாக அடுக்கிப் பக்கமாக்குகிறது. லைட் போகிற பக்கமே கார்டை நகர்த்தினால் படம் நீளும், எதிர்ப்பக்கம் நகர்த்தினால் குறுகும். மூன்று பேப்பர் வீணாக்கிக் காட்டினேன்.

பந்தயத்தில் முடிவுக் கோட்டைப் படம் எடுக்கும் கோட்டுக் கேமராவும் இதேதான், தலைகீழாக. இங்கே லைட் ஓடுகிறது, பேப்பர் சும்மா இருக்கிறது. அங்கே கேமரா சும்மா இருக்கிறது, சைக்கிள் ஓடுகிறது. அது முடிவுக் கோட்டை மட்டும், ஒரு தலைமுடி அகலத்துக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். நொடிக்குப் பத்தாயிரம் கோடு எடுக்கிற கேமராக்கள் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் நாம் டிவியில் பார்க்கிற போட்டோ. அதனால்தான் அந்தப் படத்தில் சாலையே தெரிவதில்லை, எங்கே பார்த்தாலும் கோட்டின் வெள்ளைதான். இடமிருந்து வலம் என்பது தூரமில்லை, நேரம். கோட்டின் மேல் ஒருவன் நின்றுவிட்டால் அவன் ரயில் மாதிரி நீண்டு தெரிவான். முன்சக்கர டயரின் முனை எந்தக் கோட்டில் முதலில் தெரிகிறதோ அதுதான் அவன் நேரம்.

பாப்பா பிளஸ் டூ. அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே கணக்குப் போட்டாள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். பத்தாயிரத்தால் வகுத்தால் கோட்டுக்குக் கோடு 1.7 மில்லிமீட்டர். "அப்போ ஆறு மில்லிமீட்டர் மூணு கோடு தாண்டியிருக்குப்பா, சந்தேகமே இல்ல" என்றாள்.

மச்சான் பூசணிக்காய்ப் பாட்டியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

லவாலில் மிலான். 2019இல் நிபாலி ஜெயித்ததற்கப்புறம் டூரில் ஓர் இத்தாலிக்காரர் ஜெயிப்பது இன்றைக்குத்தான். கடைசியில் லேசான ஏற்றம், அவருக்குத் தோதான ரோடு. அண்ணனுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன், ஜெயித்தவன் தான் வாங்கித் தரணும் என்பது இங்கே வழக்கம்.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி மெர்லியர், மறுபடி மிலான் இரண்டாவது. ஊர் ஷாட்டோரூ. மார்க் கேவண்டிஷ் 2008, 2011, 2021 என மூன்று தடவை ஜெயித்த ஊர். போன வருஷம் சேன் வுல்பாவில் 35ஆவது டூர் ஸ்டேஜை ஜெயித்து எட்டி மெர்க்ஸின் பழைய சாதனையைத் தாண்டினாரே, அவருடைய முதல் டூர் வெற்றியே இங்கேதான்.

ஆனால் இன்றைக்கு எல்லோரும் நெதர்லாந்துக்காரர் வான் டெர் பூலைத்தான் பேசினோம். ஆரம்பத்திலிருந்தே ஓர் அணித் தோழரோடு கூட்டத்தை விட்டு முன்னால் ஓடிப்போய், கடைசியில் தனியாகி, கோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பிடிபட்டார். அவர்கள் துரத்தவைத்ததில் மொத்த ஸ்டேஜும் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டது. கடிகாரத்தோடு ஓடும் டைம் டிரயல்களை விட்டுவிட்டால், டூரில் இதைவிட வேகமாக ஓடிய ஸ்டேஜ் 1999இல் ஒன்றுதான், அதுவும் ஸ்பிரிண்ட்தான், சிபோலினி ஜெயித்தது.

"பிடிபட்டவனுக்குக் கை தட்டுறோம், ஜெயிச்சவன் பேரைத் தப்பா சொல்றோம்" என்றான் தம்பி. மெர்லியே, மெர்லியர் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான்.

நான் மிலானை விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன், "தள்ளுறது எப்படின்னு காட்டறேன் வாடா ஞாயித்துக்கிழமை" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். நான் சொன்னதற்கு அவனுக்கு ஏன் சவால் என்று தெரியவில்லை. என் முட்டியைப் பார்த்திருப்பார்.

ஜூலை 20, ஞாயிறு

காலை ஐந்தரை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட் மதிலை ஒட்டிய சந்து. எண்ணூர் ரோட்டுக்குப் போகலாம் என்றான் தம்பி, மச்சான் விடவில்லை. "டிரெய்லர் பின்னாடி காத்து மறைவுக்கு ஒட்டிக்கினு வர்றவன் கண்ணாடியில விழ மாட்டான். நான் பிரேக் போட்டாத்தான் அவன் இருந்ததே எனக்குத் தெரியும்." அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சாக்பீஸில் கோடு நான்தான் போட்டேன். அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ரிப்பேருக்கு வந்த கியர் இல்லாத சைக்கிள், நேற்றே கோட்டம் எடுத்து, செயின் டைட் பண்ணி வைத்திருந்தார். தம்பிக்கு அவன் அண்ணனுடைய கியர் சைக்கிள். பந்தயம் டீயும் பஜ்ஜியும். பாப்பா போனில் ஸ்லோமோஷன் வைத்துக்கொண்டாள், நொடிக்கு 240 படம்.

நூற்றைம்பது மீட்டர்தான். தம்பி பாதியிலேயே ஒரு சைக்கிள் நீளம் முன்னால். அண்ணன் அவன் பின்சக்கரத்தை விடவே இல்லை, மூக்கு அவன் முதுகில் இடிக்கிற மாதிரி வந்தார். கடைசி பத்து மீட்டரில் வலப்பக்கம் வெளியே வந்தார். தம்பி ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அண்ணன் கையை நீட்டினார், இடுப்பு பின்னால் போனது, லுங்கி செயினில் மாட்டும் என்று நான் கத்தினேன். கோட்டைத் தாண்டி இருபதடியில் மதில் ஓரக் குப்பையில் போய் நின்றார். சிரிப்பு வந்தது, மூச்சு வரவில்லை.

"நான்தான்" என்றார்கள் இரண்டு பேரும்.

வீடியோ போட்டோம். ஒரு படத்தில் இரண்டு சக்கரமும் கோட்டுக்கு முன்னால். அடுத்த படத்தில் இரண்டும் தாண்டியாகிவிட்டது. பாப்பா அங்கேயே கணக்குச் சொன்னாள்: மணிக்கு 30 கிலோமீட்டர் வந்திருந்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூன்றரை சென்டிமீட்டர் போய்விடும், அதற்குள் நடந்தது எதுவும் போனுக்குத் தெரியாது. அதோடு அவள் கோட்டுக்கு நேராக நிற்கவில்லை, அரை அடி தள்ளி நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் தனக்குப் பக்கத்தில் இருப்பவன் முன்னால் இருக்கிற மாதிரித் தெரியலாம். பக்கத்தில் இருந்தது தம்பி. எதிர்ப்பக்கம் நின்ற மச்சான் அண்ணன்தான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்.

டீக்கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். ஐந்து டீ, எட்டு பஜ்ஜி. பேர் போடவில்லை.

ஜூலை 23, புதன்

வாலன்ஸில் மழை. கடைசி ஒரு கிலோமீட்டருக்குள் கூட்டமாக விழுந்தார்கள், கொஞ்சம் பேர்தான் முன்னால் மிஞ்சினார்கள். மெர்லியர் அதில் இல்லை. மிலான் ஜெயித்தார். பச்சை ஜெர்ஸியும் அவர் தோளில்தான். நான் குதிக்கவில்லை. மெர்லியர் இல்லாத ஸ்பிரிண்டை வைத்து அண்ணனிடம் வாதாட முடியாது.

பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு வேலை செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஒவ்வொரு படத்திலிருந்தும் சாக்பீஸ் கோட்டுக்கு மேலிருக்கும் ஒல்லியான பட்டையை மட்டும் வெட்டி வரிசையாக ஒட்டியிருந்தாள். நம்ம ஊர் கோட்டுக் கேமரா. முழுச் சக்கரத்துக்கும் பத்தொன்பது பட்டைதான் கிடைத்தது. சக்கரம் நெட்டையாக, குறுகி, வெண்டைக்காய் மாதிரி நின்றது. அண்ணன் தலை ஊசி, லுங்கி ஒரு நீலக் கீற்று.

ஏ4இல் பிரிண்ட் போட்டு எடுத்துப்போனேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தம்பி விரல் நகத்தை வைத்துப் பட்டையை எண்ணினான். இரண்டு வெண்டைக்காயும் ஒரே பட்டையில் ஆரம்பிக்கின்றன.

"என்னுது கொஞ்சம் கருப்பா கீது பாரு, அதான் முன்னாடி" என்றான்.

"அது உன் டயரு அழுக்குடா."

அண்ணன் அதைப் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டார், பஞ்சர் பேஸ்ட் போட்டு. மச்சான் சட்டைப் பையிலிருந்து பூசணிக்காய்ப் பாட்டியை எடுத்துப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். டீக்கடை நோட்டில் ஐந்து டீயும் எட்டு பஜ்ஜியும் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு நாலு டீ சேர்ந்திருக்கிறது.