அப்பாவின் மலச்சிக்கல்

பார்க்கின்சன் என்றாலே கை நடுக்கம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். என் அப்பாவை அதைவிட அதிகம் வாட்டுவது மலச்சிக்கல். 1817-இல் இந்த நோயை விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். நடுக்கம் தெரிவதற்குப் பல வருடம் முன்பே இது தொடங்கிவிடுவதும் உண்டு.

குடல் மெதுவாக நகர்வது ஒரு பக்கம். அப்புறம், முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தள தசை சிலருக்குத் தளராமல் இறுகிக்கொள்ளும். வாசல்வரை வந்தது வெளியே வராது. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். பனியன் நனைய வியர்த்து வெளியே வந்து, "ஒண்ணுமில்லம்மா" என்பார். எனக்குத் தாங்காது. வயிறு மந்தமானால் பார்க்கின்சனுக்குச் சாப்பிடும் லெவோடோபா மாத்திரையும் சரியாக வேலை செய்யாது, நடை தடுமாறும்.

இப்போது வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கடியில் சின்ன ஸ்டூல் போடுகிறோம், முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி. தண்ணீர், டாக்டர் சொன்ன மலமிளக்கி. இறுகிக்கொள்ளும் இடுப்புத்தள தசையைத் தளர்த்தப் பழக்கும் பிசியோதெரபியும் இருக்கிறது.

நரம்பியல் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், தயவுசெய்து. நடுக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகளே மலச்சிக்கலைக் கூட்டும், அதையும் கேளுங்கள்.