யுவால்டி: முன்பே தெரிந்தவை

டெக்சாஸின் யுவால்டி, ராப் தொடக்கப் பள்ளி. 2022 மே 24. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் 19 பிள்ளைகள், 2 ஆசிரியைகள். அதில் ஒரு சிறுமியை அடையாளம் காட்டியது அவள் போட்டிருந்த பச்சை கான்வர்ஸ் ஷூ. நுனியில் அவளே பேனாவால் வரைந்த ஒரு இதயம்.

சுட்டவனை "பைத்தியக்காரன்" என்று சொல்லிக் கடந்துபோவது நமக்கு வசதி. டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கையைப் படித்தால் அந்த வசதி போய்விடும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தாண்டாதவன். இணையத்தில் கூட விளையாடியவர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயரே 'ஸ்கூல் ஷூட்டர்', அதாவது பள்ளியில் சுடுபவன். 17 வயதில் குறைந்தது 2 பேரிடம் துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டான், மறுத்துவிட்டார்கள். மே 16-ல் 18 வயது முடிந்தது. அதன்பின் யார் தயவும் வேண்டியிருக்கவில்லை, 2 ரைஃபிள்களும் சட்டப்படியே கைக்கு வந்தன. இணையத்தில் 1,740 தோட்டாக்களுக்கும் ஆர்டர் போட்டிருந்தான்.

அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் 2019-ல் 41 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தபோதும் இதே கதைதான்: பெரும்பாலானோர் முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியோ மிரட்டியோ இருக்கிறார்கள். கேட்டவர்கள் விளையாட்டென்று விட்டுவிடுகிறார்கள், அல்லது எங்கே போய்ச் சொல்வதென்று தெரிவதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. கொலைகள் நடந்த 111-ஆம் அறையின் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளியில் தெரிந்த விஷயம். பழுதுபார்க்க எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. அன்று திரண்ட காவலர்கள் 376 பேர். அறைக்குள் நுழைந்து அவனை வீழ்த்த 77 நிமிடம். அதில் நிறைய நேரம் சாவி தேடியதில் போனது. கதவு அநேகமாகப் பூட்டப்படாமலே இருந்திருக்கும் என்கிறது அறிக்கை.