செங்கா கேட்ட உதவி

உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் குடியேறிய எனக்கு பகாண்டா மக்களின் குடும்ப ஒழுங்கு விரைவில் பிடிபட்டது. விலங்கையோ செடியையோ குலச்சின்னமாகக் கொண்டு, ஒரே குலத்துக்குள் மணம் செய்வதை விலக்கி, பிள்ளைகளைத் தகப்பன் குலத்தில் சேர்க்கும் அந்த மரபில், பெண்ணுக்கு இல்லறம் கற்பிப்பவர் தந்தையின் சகோதரியான செங்கா. குவாஞ்சுலா என்னும் சடங்கில் மாப்பிள்ளையைக் குடும்பத்தாருக்கு அடையாளம் காட்டுபவரும் அவரே. அத்தையின் உரிமையை அறிந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று.

என் அலுவலகத் தோழி ஒரு பெண்ணை நேசிக்கிறாள். 2023 மே மாதம் அதிபர் முசெவேனி ஒப்பமிட்ட சட்டம் தன்பாலின உறவுக்கு ஆயுள் தண்டனையையும், அது கடுமையானவை என வகுத்தவற்றுக்கு மரண தண்டனையையும் விதித்திருக்க, அவளோ காவலர்களைவிடச் செங்காவுக்கே அதிகம் அஞ்சினாள். விஷயம் தெரிந்ததும் தாய் போதகரிடம் ஜெபத்துக்கு அழைத்துப் போனார். தந்தை பேச்சை நிறுத்தினார். செங்கா மட்டும் பேரம் பேசினார்: குலத்துக்கு ஒரு பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டால் மற்றதை யாரும் கேட்கமாட்டார்களாம். தந்தையின் மௌனத்தைவிட இந்தக் கனிவுதான் கொடியது என்பேன்.

வீடு கிடைப்பதும் எளிதாக இல்லை. வீடு கொடுப்பவரைத் தண்டிக்கும் பிரிவையும், அறிந்தவர் புகாரளிக்க வேண்டும் என்ற பிரிவையும் அரசியலமைப்பு நீதிமன்றம் 2024 ஏப்ரலில் நீக்கி, சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பு வந்த பின்னும் இருவரும் பார்த்த வீடுகளின் உரிமையாளர்கள் உறவுமுறையை விசாரித்தார்கள்.

தன்பாலின உறவு வெள்ளையர் கொண்டுவந்த பழக்கம் என்பது தோழியின் உறவினர்களின் வாதம். வெள்ளையர் கொண்டுவந்தது தண்டனைதான். இந்தியாவுக்கு 1860இல் எழுதி, வயதுவந்தோரின் இசைவுள்ள உறவுக்குப் பொருந்தாது என 2018இல் நம் உச்ச நீதிமன்றம் முடக்கிய 377ஆம் பிரிவின் வழிவந்ததே இங்குள்ள பழைய குற்றவியல் சட்டத்தின் விதியும். அதே உறவினர்கள் ஜூன் 3 அன்று நமுகொங்கோவுக்கு யாத்திரை போகிறார்கள். அங்கே 1886இல் கிறித்தவர்களான அரண்மனைப் பணியாளர்களைக் கபாகா (அரசர்) முவாங்கா எரித்தார். தம் இச்சைக்கு அவர்கள் இணங்க மறுத்ததும் அவருடைய சினத்துக்கு ஒரு காரணம் என்று பாதிரிமார்களே எழுதிவைத்தார்கள். அரசனின் அதிகாரத்தைக் காதலோடு சேர்க்க நான் வரவில்லை. இறக்குமதி என்ற வாதம் நிற்காது என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு தோழியின் தங்கைக்குக் குவாஞ்சுலா நடந்தது. என்னையும் வீட்டு ஆளாகவே உட்காரவைத்து மடோகே என்னும் வாழைக்காய் உணவைப் பரிமாறிய செங்கா, மூத்தவளுக்கு ஏற்ற நல்ல பையன் அலுவலகத்தில் இருக்கிறானா என்று தணிந்த குரலில் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.