பழைய சென்ட்ஓஎஸ், புதிய போஸ்ட்கிரெஸ்

"இன்னுமா சென்ட்ஓஎஸ் 7 ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கேட்பார்கள். அந்தப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை (ஓஎஸ்) சோம்பலில் விட்டுவைத்திருக்கிறோம் என்று நினைப்பார்கள் போல. விஷயம் அதுவல்ல. எங்கள் ஆலையில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் இயந்திரத்தை இயக்கும் டிரைவர் நிரல், அந்த ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலில் மட்டும்தான் ஓடும். இயந்திரத்தை விற்றவர்கள் புதிய டிரைவர் தரவில்லை. நன்றாக உழைக்கும் இயந்திரத்தை அதற்காகக் கழித்துக்கட்ட முடியுமா? சோதனை முடிவுகளைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளும் அதே சர்வரில் இருந்ததால், அதைப் பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பானது.

சென்ட்ஓஎஸ் 7 வந்தது 2014-இல். அதனுடன் வந்த போஸ்ட்கிரெஸ் 9.2. போஸ்ட்கிரெஸ் குழு ஒவ்வொரு பெரிய பதிப்பையும் ஐந்து வருடம்தான் பராமரிக்கும் என்பதால், 9.2-இன் காலம் 2017 நவம்பரோடு முடிந்தது. ஓஎஸ்ஸுக்கோ 2024 ஜூன் 30 வரை ஆயுள். இடைப்பட்ட வருடங்களில் எங்களைத் தாங்கியது போஸ்ட்கிரெஸ்காரர்களே நடத்தும் யம் ரிப்போ என்ற பேக்கேஜ் கிடங்கு. பழைய ஓஎஸ்ஸுக்கும் சேர்த்துப் பதிப்பு 15 வரை பேக்கேஜ் போட்டுத் தந்தார்கள். 16-இல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, நன்றிதான்.

ஒரு ஓஎஸ்ஸில் இந்த மென்பொருள் வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்வதற்குப் பின்னால் 'பில்ட்ஃபார்ம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை அதில் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர். மூல நிரல் மாற மாற, அவை அதைக் கம்பைல் செய்து (ஓடக்கூடிய நிரலாக மாற்றி), சோதித்து, முடிவைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொள்ள ஆள் குறைந்தால் அந்தத் தளத்துக்கான ஆதரவும் போய்விடும். ஹெச்பி-யூஎக்ஸ் என்ற ஓஎஸ்ஸுக்கான ஆதரவு போஸ்ட்கிரெஸ் 16-ஆம் பதிப்பில் போனது, ஏஐஎக்ஸ் 17-இல்.

ஓஎஸ்ஸின் ஆயுள் முடிந்த பிறகு, 15-இன் சிறு பதிப்புகளை நாங்களே கம்பைல் செய்தோம். அங்கிருந்த கம்பைலர் ஜிசிசி 4.8.5-உம் குறியாக்க நூலகம் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2-உம் அதற்குப் போதும். பழைய பேக்கேஜ் எந்தெந்தத் தெரிவுகளோடு கட்டப்பட்டது என்பதை 'பிஜி_கான்ஃபிக்' கட்டளை காட்டிவிடும். அதையே பின்பற்றி, 'மேக் செக்' சோதனைகள் முழுவதும் தேறினால்தான் நிறுவுவோம். இந்தப் பகுதி பொறுமை கேட்டதே தவிர, தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

தூக்கத்தைக் கெடுத்தது, டேட்டாபேஸை மட்டும் புதிய ஓஎஸ்ஸுக்கு மாற்றலாம் என்று முடிவெடுத்தபோது எழுந்த கேள்வி. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஓஎஸ்ஸின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்டுக்கொள்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17. அமெரிக்க ஆங்கில லோக்கேலில் (மொழி, நாட்டு அமைப்பில்) '1-1', '11' இரண்டையும் பழையதில் அடுக்கினால் 11 முன்னால் வரும். புதியதில் 1-1 முன்னால் வரும். எங்கள் பாக எண்கள் எல்லாவற்றிலும் நடுவே கோடு உண்டு!

இன்டெக்ஸ் என்பது வரிசையை நம்பித் தேடும் அமைப்பு. பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸைப் புதிய விதியோடு தேடினால், இருக்கும் பதிவையே 'இல்லை' என்று சொல்லக்கூடும். அதைவிட மோசம், ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்க வேண்டிய யூனிக் இன்டெக்ஸே, ஒரே பாக எண் இரண்டு முறை பதிவாக இடம் கொடுத்துவிடலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. தரம் பார்க்கும் ஆலையில் இதைவிட ஆபத்தான பழுது எனக்குத் தெரியவில்லை.

நிறுத்தும் நேரத்தைக் குறைக்க, ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் வைத்துப் புதிய சர்வருக்குத் தாவிவிடலாம் என்று அலுவலகத்தில் யோசனை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது கோப்புகளை அப்படியே நகலெடுக்கும் முறை, பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸும் அப்படியே வந்து சேரும். மறுத்துவிட்டேன். லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்குக் கூடுதல் வேலை உண்டு. அட்டவணைகளின் அமைப்பை முன்கூட்டியே உருவாக்க வேண்டும், தானாக ஏறும் வரிசை எண்களான சீக்வென்ஸ்களைக் கையால் ஏற்ற வேண்டும். ஆனால் அதில் போவது பதிவுகள் மட்டும்தான், இன்டெக்ஸ் புதிய இடத்தில் புதிய விதிப்படி உருவாகும். பாக எண் இருக்கும் நெடுவரிசைகளுக்கு 'சி' கொலேஷன் (அடுக்கும் விதி) வைத்தோம். அது பைட் வரிசை, எந்த ஓஎஸ்ஸில் வைத்தாலும் மாறாது.

அப்புறம் கடவுச்சொல். 14-ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஸ்க்ராம் என்ற புதிய, பாதுகாப்பான முறையில்தான் கடவுச்சொல்லைச் சேமிக்கிறது. இயந்திரத்தின் நிரலோ போஸ்ட்கிரெஸ்ஸோடு பேச உதவும் லிப்பிக்யூ நூலகத்தின் 9.2 காலத்துப் பதிப்பைத் தன்னுள்ளேயே வைத்துக் கட்டப்பட்டது. அதற்கு ஸ்க்ராம் தெரியாது. 'அங்கீகார முறை 10-க்கு ஆதரவில்லை' என்று நின்றுவிட்டது. அந்த ஒரு பயனருக்கு மட்டும் பழைய எம்டி5 முறைக் கடவுச்சொல் வைத்து, அந்த ஒரு ஐபி முகவரியிலிருந்து மட்டும் அனுமதித்தோம்.

இப்போது டேட்டாபேஸ் புதிய ஓஎஸ்ஸில் இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7, இணையத் தொடர்பு இல்லாத தனி நெட்வொர்க்கில் டிரைவரை மட்டும் ஓட்டுகிறது. எம்டி5 கடவுச்சொற்கள் வருங்காலப் பதிப்பொன்றில் நீக்கப்படும் என்று 18-ஆம் பதிப்பிலேயே அறிவித்துவிட்டார்கள். அதற்குள் அந்த நிரலுக்கும் போஸ்ட்கிரெஸ்ஸுக்கும் நடுவே, ஸ்க்ராம் தெரிந்த ஓர் இடைநிலை நிரலை வைத்தாக வேண்டும். அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.