தூத்துக்குடி மக்ரூன்: துருவியில் பொடித்த முந்திரி கைகொடுத்தது

தூத்துக்குடி மக்ரூன் கடைசியில் எங்கள் வீட்டு ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார அடுப்பில் கூம்பாக நிமிர்ந்து நின்றுவிட்டது! மேல்பக்கம் மொறுமொறுப்பு, வாயில் போட்டதும் கரைகிறது, கரைந்த பிறகு பல்லில் பருப்பு நெறநெறக்கிறது. அடி லேசாகப் பழுத்திருக்கிறது, மேலே வெள்ளை கெடவில்லை. ரொம்ப நாளாக முரண்டு பிடித்த பலகாரம் இது. முட்டையையும் சர்க்கரையையும் சூட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. விஷயம் அந்த மூன்றிலும் இல்லை. முந்திரியை எதில் பொடிக்கிறோம் என்பதில் இருந்திருக்கிறது.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கரு 100 கிராம், சர்க்கரை 170 கிராம், முந்திரி 150 கிராம். பல குறிப்புகளில் சர்க்கரை வெள்ளைக்கருவுக்கு இரண்டு மடங்கு இருக்கும். அந்த அளவு எனக்குத் திகட்டுகிறது. 150 கிராமுக்குக் கீழே போனால் மொறுமொறுப்பு போய்விடுகிறது. 170 எனக்குச் சரியாக இருக்கிறது. கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும் என்பதால், சாதாரணச் சர்க்கரையை வீட்டிலேயே பொடித்துக்கொள்கிறேன். வெள்ளைக்கரு அடிப்பதைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை, மெரிங்கு, அதாவது வெள்ளைக்கருவோடு சர்க்கரை சேர்த்து அடித்த நுரை, செய்து பழகியவர்களுக்கு அது கைவந்த வேலை. முட்டையை எண்ணாமல் நிறுத்துப் போடுங்கள், அது போதும். ஒரு நாமக்கல் முட்டையில் சுமார் 30 கிராம் வெள்ளைக்கரு வரும், ஆனால் முட்டைக்கு முட்டை வித்தியாசம் இருக்கிறது.

சரி, முந்திரிக்கு வருவோம்.

முந்திரியில் கிட்டத்தட்ட பாதி எடை கொழுப்பு. 100 கிராம் பருப்பில் 44 கிராம் அளவுக்கு இருக்கிறது. மிக்ஸி பிளேடு சுற்றும் வேகத்தில் பருப்பு வெட்டுப்படுவதோடு நசுங்கவும் செய்கிறது, சூடும் ஏறுகிறது. ஜாரின் அடியில் முதலில் பொடி, அடுத்த சுற்றில் ஈரமான கட்டி, இன்னும் ஓட்டினால் விழுது. விழுதாகும்வரை விட வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு ஸ்பூன் பொடியை டிஷ்யூ தாளில் வைத்து அழுத்தினால் எண்ணெய்க் கறை தெரியும். அந்தக் கறையே போதும் மக்ரூனைக் கவிழ்க்க. வெள்ளைக்கரு நுரையில் ஒவ்வொரு காற்றுக் குமிழியையும் ஒரு மெல்லிய புரதப் படலம்தான் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே வந்த எண்ணெய் அந்தப் படலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், குமிழி உடையும். கலக்கும்போது மாவு பளபளவென்று மினுங்க ஆரம்பித்தால் நுரை செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த மாவைத் தட்டில் பிழிந்தால் கூம்பு நிற்காது, தோசை மாதிரி பரவும்.

மிக்ஸிக்கு எத்தனையோ வைத்தியம் சொல்வார்கள். முந்திரியை ஃப்ரீசரில் வைத்து எடுத்து அரை, பல்ஸில் விட்டு விட்டு ஓட்டு, சர்க்கரையில் ஒரு பங்கைச் சேர்த்து ஓட்டு. மூன்றும் பலன் தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பருப்பின் மேல் சென்னைக் காற்றின் ஈரம் உடனே படிந்துவிடுகிறது. எண்ணெய்க்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். சர்க்கரை சேர்த்து அரைத்தால் பொடி மாவாகிவிடுகிறது, மக்ரூனுக்கு வேண்டிய நெறநெறப்பு கிடைப்பதில்லை.

கைகொடுத்தது ஒரு சீஸ் துருவி. சும்மா தேய்க்கும் தட்டைத் துருவி இல்லை. மேலே ஒரு சின்ன பெட்டி, அதற்குள் பருப்பைப் போட்டு ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துளையிட்ட உருளை சுழலுமே, அது. ஐரோப்பிய வீடுகளில் கொட்டைகளைப் பொடிக்க இந்த மாதிரிக் கருவியைத்தான் காலங்காலமாக வைத்திருக்கிறார்கள். பருப்பு இதில் நசுங்குவதில்லை, சீவப்படுகிறது. சூடு ஏறுவதே இல்லை. கீழே விழும் பொடி உதிரி உதிரியாக, பஞ்சு போட்டாற்போல் லேசாக விழுகிறது. அதே டிஷ்யூ சோதனையைச் செய்தேன், கறை இல்லை. அந்தத் தாளை வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம்.

துருவி வாங்குவதாக இருந்தால் உருளை ஸ்டீலில் இருக்க வேண்டும். உருளையைக் கழற்றிக் கழுவ வர வேண்டும். பிளாஸ்டிக் உருளையின் பற்கள் சீஸுக்குச் சரி, பருப்புக்குச் சீக்கிரம் மழுங்கும். இரண்டு மூன்று உருளைகள் சேர்த்துத் தருவார்கள், அதில் நடுத்தரத் துளை உள்ளதைப் போடுங்கள். 150 கிராமில் முக்கால் பங்கை இப்படித் துருவி, மீதிக் கால் பங்கைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கிச் சேர்க்கிறேன். அந்தக் கால் பங்குதான் கடை மக்ரூனின் நெறநெறப்பைக் கொண்டுவருகிறது.

துருவுவதற்கு முன் முந்திரி காய்ந்திருக்க வேண்டும். நமத்த பருப்பு துருவியின் பல்லில் அப்பிக்கொள்ளும். 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, நிறம் மாறுமுன் எடுத்து, முழுக்க ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது துருவினால் மறுபடி எண்ணெய்தான். ராத்திரியே காயவைத்துப் பாட்டிலில் மூடிவிட்டு, காலையில் துருவுகிறேன்.

ஐரோப்பிய மக்ரூன் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. அவை பாதாமுக்காக எழுதப்பட்டவை. பாதாமிலும் கொழுப்பு ஏராளம், ஆனால் பருப்பு கெட்டி, மெஷினின் அடியைத் தாங்கும். முந்திரி மெத்தென்ற பருப்பு. பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம் இங்கே ஊன்றிக்கொண்டது. அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் கால்பதித்த துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. அந்த ஊர் மக்ரூனில் பாதாமின் இடத்தில் முந்திரி உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய அழகாகப் படுகிறது. வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இந்த மூன்றும்தான். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது.

கலப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடித்து நிற்கும் நுரையில் முந்திரியை மூன்று தவணையாகத் தூவி, அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்துவிட வேண்டும். வெள்ளைக் கோடுகள் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

அடுத்து உலர்த்துவது. மக்ரூனை வேகவைக்கிறோம் என்று நினைப்பதைவிட உலர்த்துகிறோம் என்று நினைத்துக்கொள்வது நல்லது. தூத்துக்குடியில் விறகடுப்பு வைத்திருக்கும் பேக்கரிகளில் தணிந்த சூட்டில், ராத்திரி முழுக்க அடுப்புக்குள்ளேயே விட்டு எடுப்பார்கள். செங்கல் சூடு மெதுவாக இறங்கிக்கொண்டே வரும், மக்ரூனும் மெதுவாகக் காயும். ஓ.டி.ஜி.க்கு அந்தப் பொறுமை கிடையாது. எங்கள் அடுப்பின் முள்ளை 100இல் வைத்தால் உள்ளே தொங்கும் தெர்மாமீட்டர் 125 வரை போய்வருகிறது. ஓவன் தெர்மாமீட்டர் இல்லாமல் இந்தப் பலகாரத்தில் இறங்க வேண்டாம், விலையும் அதிகமில்லை. கீழ்க் கம்பி மட்டும், தட்டு நடுவில், கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி. இப்படி வைத்தால் 100க்கும் 105க்கும் நடுவில் நிற்கிறது. ஒன்றரை மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்து, கரண்டியை எடுத்துக் கதவை மூடி, காலைவரை திறக்காமல் விடுகிறேன். காலையில் பட்டர் பேப்பரிலிருந்து ஒட்டாமல் உரிந்து வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடி ஒட்டினால் இன்னொரு அரை மணி நேரம்.

இந்த அளவுக்கு நாற்பது மக்ரூன் வரை வருகிறது. நாற்பதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டில் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்திலேயே மேல்பக்கம் பிசுக்கென்று ஆகிவிடுகிறது. அதனால் ஆறியதும் நேராகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு இறுக்கி மூடி, அன்றே வீடு வீடாகக் கிளம்பிவிடுகிறேன். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஆகப் பிடித்த நேரம் அதுதான். கீழ்வீட்டுப் பையன் பாட்டிலைத் திறந்து முதல் மக்ரூனைக் கடிக்கும்போது வரும் சத்தத்தைக் கேட்க வேண்டுமே!

பெரியம்மா தூத்துக்குடிக்காரர். ஊரிலிருந்து யார் முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்தாலும் அவருக்கு மக்ரூன் பொட்டலம் வந்துவிடும். ஆகஸ்ட் 5 பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வருகிறவர்களும் வாங்கி வருவார்கள். அந்த நாக்கில் பாஸாவது சாதாரண விஷயம் இல்லை. ஒன்றை உடைத்து உள்ளே பார்த்தார், அடியை நகத்தால் சுரண்டினார், அப்புறம் வாயில் போட்டார். "ஏட்டி, அடி நல்லா காஞ்சிருக்கு. அண்டிப்பருப்ப இன்னும் கொஞ்சம் தாராளமா போடு" என்றார். பாட்டிலை மூடித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். அடுத்த தடவை முந்திரி 170 கிராம், நிச்சயம்.

முந்திரி வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய பை காறல் வாடையோடு வந்தது. பையின் மேல் தேதி எல்லாம் புதியதாகவே அச்சடித்திருந்தது. திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார்கள். அவ்வளவு பணம் கொடுத்து அந்தப் பருப்பைக் குப்பையில் கொட்டியது இன்னும் ஆறவில்லை. இப்போது பண்ருட்டிப் பக்கம் யார் போனாலும் சொல்லிவிடுகிறேன். காடாம்புலியூர்ச் சாலையோரக் கடைகளில் பருப்பை வாயில் போட்டுப் பார்த்து வாங்கலாம். W320 ரகம் போதும். பவுண்டுக்கு 320 பருப்பு வரை நிற்கும் அளவு அது. இன்னும் பெரிய W240க்குக் கூடுதல் விலை கொடுப்பது இந்த வேலைக்கு வீண். பிளந்த பருப்பு மலிவுதான், ஆனால் துருவியில் வழுக்குகிறது, சீக்கிரம் காறவும் செய்கிறது. பட்டர் பேப்பரும் அட்டைப்பெட்டியும் பாரிமுனைச் சந்துகளில் மொத்தமாக வாங்கினால் பாதி விலை.

கூம்பு நிற்கிறது, அதன் நுனி மட்டும் இன்னும் கைகூடவில்லை. கடைகளில் தாளைக் கூம்பாகச் சுருட்டி, மாவை நிரப்பிக் கையால் பிழிந்து, ஒரே இழுப்பில் நுனியை மேலே தூக்கிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பைப்பிங் பையில் நறுக்கிய பருப்பு நாசிலில் மாட்டிக்கொள்கிறது. பட்டர் பேப்பர் கூம்பில் மாவு நன்றாக இறங்குகிறது, ஆனால் நுனி பக்கவாட்டில் சாய்கிறது. துளையின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் ஃப்ரிட்ஜில் மஞ்சள்கரு சேர்ந்துவிட்டது. அதற்கு இலங்கை லவ் கேக்கைவிட நல்ல வழி இருக்க முடியாது. ரவை, சர்க்கரை, வெண்ணெய், நிறைய மஞ்சள்கரு, முந்திரி, ரோஜாப் பன்னீர், ஏலம், பட்டை, தேன். அதில் முந்திரியைப் பொடிக்க வேண்டிய அவசியமே இல்லை, பொடியாக நறுக்கினால் போதும். கிறிஸ்துமஸுக்குப் பெட்டிகளில் மக்ரூன் ஒரு பக்கம், லவ் கேக் துண்டுகள் மறுபக்கம் என்று வைக்க ஆசை. ஆனால் ஈரமான கேக் பக்கத்தில் மக்ரூன் நமத்துவிடும், இரண்டையும் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும்.

மாடிவீட்டு மாமி முட்டை சாப்பிட மாட்டார். இதுவரை அவருக்கு மட்டும் நான்கட்டாய் செய்து கொடுத்துவந்தேன், துருவிய முந்திரி அதிலும் அருமையாக உட்காருகிறது. இப்போது அவருக்கும் மக்ரூன் கொடுத்தே தீருவது என்று இறங்கியிருக்கிறேன். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை வற்றவிட்டு, ஆறவைத்து அடித்தால் வெள்ளைக்கரு மாதிரியே நுரைத்து நிற்கும். உப்புப் போடாமல் வேகவைக்க வேண்டும். எண்ணெயைக் கண்டால் அந்த நுரையும் அடங்கிவிடும், ஆகவே துருவிதான் இதற்கும். "கடலையத் தூக்கிப் போட்டுடாதே, சுண்டல் பண்ணிடலாம், எனக்குக் கொண்டா" என்று மாமி இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.