மூன்று நொடி இடைவெளி

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு திருவிழா. பொங்கலுக்கு வராத சொந்தக்காரர்கள்கூட சிரசுக்கு வந்துவிடுவார்கள். காலையில் ஊர்வலம் பார்த்து, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்தால், ஆறு மணிக்குமேல் மொட்டை மாடியில் குடும்பப் போட்டோ. கேமரா வைத்திருக்கும் பாவத்துக்கு அந்த வேலை என்னுடையது. பழைய ஆல்பத்தைப் புரட்டினால் நான் பல வருஷம் துபாயில் இருந்ததுபோல் தெரியும். ஒரு படத்திலும் இருக்க மாட்டேன்.

டைமர் இருக்கிறதே என்பீர்கள். பத்து நொடியில் ஒரே ஒரு படம் எடுக்கும் டைமரை வைத்துக்கொண்டு இருபது பேரை எடுத்துப் பாருங்கள். ஒருவர் கண்ணை மூடியிருப்பார், ஒரு குழந்தை திரும்பியிருக்கும். நான் திரும்பவும் ஓடிப்போய் பட்டனை அழுத்தி, ஓடிவந்து நின்றால், அதற்குள் வேறு யாராவது. மே மாதத்து மாடித் தரை வேறு சாயங்காலமும் சுடும். தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் ஆயாவை நாற்காலியில் உட்கார வைப்போம். அவர் எத்தனை முறை பொறுப்பார்?

என்னுடையது நிக்கான் டி7200. அதன் மெனுவில் சி3 என்ற இடத்தில் டைமருக்கு மூன்று விஷயங்களைத் தனித்தனியாக மாற்றலாம். எத்தனை நொடி கழித்து எடுக்க வேண்டும் (2, 5, 10, 20), எத்தனை படம் (ஒன்று முதல் ஒன்பது வரை), படத்துக்குப் படம் எவ்வளவு இடைவெளி (அரை நொடி முதல் மூன்று நொடி வரை). கேனான் கேமராக்கள் பலவற்றில் பத்து நொடி கழித்து இரண்டு முதல் பத்து படம் வரை வரிசையாக எடுக்கும் வசதி உண்டு. ஆனால் அங்கே படங்கள் விறுவிறுவென்று அடுத்தடுத்து விழுந்துவிடும்.

எல்லாரும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியம் இடைவெளி. கண் சிமிட்டுவது ஒரு நொடிக்கும் குறைவான வேலை. அதற்கு அரை நொடி இடைவெளியே போதும். ஆனால் விறைத்துக்கொண்டு நிற்கும் முகம் அரை நொடியில் இளகாது. ஒன்பது படமும் ஒரே பாஸ்போர்ட் போட்டோவாக இருக்கும். அதனால் நான் வைப்பது இருபது நொடி, ஒன்பது படம், மூன்று நொடி இடைவெளி. மொத்தம் முக்கால் நிமிஷம்கூட ஆகாது.

அந்த நேரத்தில் நடப்பதுதான் வேடிக்கை. கேமராவின் டைமர் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்து, படம் விழ இரண்டு நொடி இருக்கும்போது மினுக்குவது நின்றுவிடும். அப்போது பீப் சத்தம் வேகமாகும். ஆனால் தெருவில் அடிக்கும் மேளத்தில் பீப் யாருக்குக் கேட்கிறது? "நின்னுபோச்சுப்பா, இன்னான்னு பாரு" என்று சித்தப்பா ஒரு அடி முன்னே எடுத்து வைப்பார். சரியாக அப்போது முதல் படம். இரண்டாவதில் எல்லாரும் அவரைத் திட்டுகிறார்கள். மூன்றாவதில் அட்டென்ஷன். நாலாவது விழுந்ததும் ஆயா, "இன்னாடா, இன்னும் முடியலியா?" என்று என் பக்கம் திரும்ப, சிரிப்பு கிளம்பும். ஐந்து, ஆறு இரண்டும் தங்கம். எத்தனை படம் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கடைசிவரை எண்ணிக்கொண்டே நிற்பார்கள்.

ஃபோகஸ் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பட்டனை அழுத்தும்போதே கேமரா ஃபோகஸ் பிடிக்கிறது, படம் விழும்போது அல்ல. நாம் லென்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டு அழுத்தினால் நம் சட்டையில் பிடித்துவிடும். ஃபோகஸே கிடைக்காவிட்டால் டைமர் ஓட ஆரம்பிக்காது. நடு வரிசையில் நிற்கும் அத்தையின் முகத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு, கேமரா தானாக அதை மாற்றாதபடி மேனுவலுக்குத் தள்ளிவிடுவேன். மூன்று வரிசையும் தெளிவாக விழ வேண்டும் என்பதால் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்8-இல் வைப்பேன். வியூஃபைண்டரில், அதாவது நாம் பார்க்கும் துளையில், கண் வைக்காமல் விடும்போது பின்னாலிருந்து வெளிச்சம் புகுந்து கேமராவின் வெளிச்சக் கணக்கைக் குழப்பும். அதற்கென்று ஒரு சின்ன மூடி கேமராவோடு வரும். அது எங்கே போகிறது என்பது எந்த வீட்டிலும் தெரியாது. கர்ச்சீப்பைப் போட்டு மூடினால் போதும்.

ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக, குழந்தைகள் ஓடாத பக்கம் வையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகும் மேற்கே பார்த்து யாரையும் நிறுத்த வேண்டாம், எல்லாரும் புருவத்தைச் சுருக்குவார்கள்.

இந்த வருஷம் பெரிதாக்கி மாட்ட நான் ஆறாவதைத் தேர்ந்தெடுத்தேன். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா பாதி உடம்போடு முன்னே வந்து நிற்கும் முதல் படம்தான் வேண்டுமாம். கடைக்காரரிடம் இரண்டையும் கொடுத்திருக்கிறேன்.