ஒரே தகட்டில் ஓர் ஊர்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலை எனக்கு. வருகிறவர்களில் பலர் முடிவோடுதான் வருகிறார்கள்: செட்டிநாடு என்றால் காரக் கோழி, வட்டித் தொழில், ஆயிரம் ஜன்னல் வீடு. இதற்குத்தான் ஸ்டீரியோடைப் என்று பெயர்.

அச்சகத்திலிருந்து வந்த சொல் அது. கோத்த எழுத்துகளை வார்ப்பெடுத்து ஒரே உலோகத் தகடாக்கி, திரும்பத் திரும்ப அடிக்கிற முறைக்கு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் வைத்த பெயர். தகடான பிறகு ஓர் எழுத்தைக்கூட எளிதில் மாற்ற முடியாது. மனிதர்களைப் பற்றி நம் மனதில் உறைந்த படங்களுக்கு அதைப் பொருத்திப் பரப்பியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், 1922-ல். தகட்டில் இருப்பது முழுப் பொய்யில்லை. அதனால்தான் மறுப்பது கடினம்.

காரம் உண்டு, சரி. ஆனால் விசேஷ வீட்டுப் பந்தியில் கவுனி அரிசியும் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் வரும்போது, "இது செட்டிநாட்டுச் சாப்பாடுதானா?" என்று விருந்தாளிகள் கேட்கிறார்கள். வட்டித் தொழிலும் உண்மை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது எத்தனையோ குடும்பங்கள் அங்கே போட்ட முதலீட்டை விட்டுவிட்டு வந்ததும், பிற்பாடு பிரித்த வீடுகளின் தேக்குத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நின்றதும் அதே அளவு உண்மை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே வலிப்பது வேறு. இங்கே நகரத்தார் என்னும் செட்டியார் வணிகக் குடும்பங்கள் மட்டுமா இருக்கிறார்கள்? அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார், மரம் இழைத்த ஆசாரி, அடுப்படியில் நின்றவர்கள், சுற்றிலும் வயலில் வேலை செய்தவர்கள் யாருமே அந்தத் தகட்டில் இல்லை. எங்கள் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. "அந்த நாலு விஷயத்தைச் சொல்லுங்கண்ணே, பஸ் கிளம்பணும்" என்று ஏஜெண்டுகள் அவசரப்படுத்துவார்கள். கேட்க விரும்புவதைச் சொன்னால் வேலை சுலபமாக முடியும், அடுத்த குழுவுக்கும் அதே பேச்சு.

அதனால் இப்போது சுற்றையே, தரைக்கல் வார்க்கும் ஊரான ஆத்தங்குடியில்தான் தொடங்குகிறேன். கண்ணாடி மேல் சட்டம் வைத்து, நிறம் நிறமாகக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுக் கல் வார்ப்பதை நின்று பார்க்கிறார்கள். வார்ப்பவர்களோடு பேசுகிறார்கள். அப்புறம் கானாடுகாத்தான் வந்து வீட்டுக்குள் நுழைந்தால், யாருடைய வீடு என்பதோடு தரையைப் போட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றும் கேட்கிறார்கள்.